பழைய சூப்பர் 8, 16 எம்.எம். கேமராக்களில் கையால் எக்ஸ்போஷர் வைப்பது: முழுமையான வழிகாட்டி

அலமாரியின் மேல்தட்டிலிருந்தோ ஆன்லைன் ஏலத்திலிருந்தோ ஒரு பழைய மூவி கேமரா கைக்கு வந்துவிட்டது. மோட்டார் ஓடுகிறது, லென்ஸில் பூஞ்சை இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் லைட் மீட்டர் செத்திருக்கும், இல்லாவிட்டால் உயிரோடு இருந்துகொண்டு பொய் சொல்லும். இரண்டில் பின்னதுதான் ஆபத்து. முள் அசைவதைப் பார்த்து நம்பிவிடுவோம். ஒரு சூப்பர் 8 கார்ட்ரிட்ஜில் இருப்பது 50 அடி ஃபிலிம். நொடிக்கு 18 ஃபிரேம் வேகத்தில் 3 நிமிடம் 20 நொடி, 24 ஃபிரேமில் வெறும் இரண்டரை நிமிடம். ஃபிலிம் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் என்று கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு நொடியும் காசு.

கையால் எக்ஸ்போஷர் வைப்பது, அதாவது ஃபிலிமில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதை நாமே முடிவுசெய்வது, பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் ஸ்டில் கேமராவைவிட இதில் வேலை குறைவு. ஸ்டில் கேமராவில் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) இரண்டையும் மாற்றி மாற்றி யோசிக்க வேண்டும். மூவி கேமராவில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஃபிலிம் ஓடும் வேகத்தோடு கட்டுண்டது. அந்த நேரத்தை ஒரு தடவை கண்டுபிடித்து ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கேமராவின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அப்புறம் உங்கள் கையில் மிச்சம் இருப்பது அப்பர்ச்சர் ஒன்றுதான்.

முதலில்: உங்கள் கேமராவில் கைமுறை வசதி இருக்கிறதா?

கோடாக் 1965இல் சூப்பர் 8ஐக் கொண்டுவந்ததே வீட்டு ஆட்கள் எதையும் யோசிக்காமல் படம் எடுக்கட்டும் என்றுதான். அதனால் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அப்பர்ச்சரைத் தொடவே முடியாது. நல்ல மாடல்களில் முடியும். கேனான் ஆட்டோ ஜூம் 814, 1014, நைசோ எஸ் வரிசை, போல்யோ 4008 எல்லாவற்றிலும் உண்டு. சூப்பர் 8க்கு முந்தைய, சாவி கொடுத்து ஓட்டும் பழைய ரெகுலர் 8 கேமராக்களிலும், போலெக்ஸ் எச்16 போன்ற 16 எம்.எம். கேமராக்களிலும் லென்ஸின் மேலேயே அப்பர்ச்சர் வளையம் இருக்கும். இவைதான் எல்லாவற்றிலும் சுலபம், ஏனென்றால் நடுவில் மின்சாரம் கிடையாது.

வசதி இருப்பதாகக் கையேட்டில் போட்டிருந்தால் மட்டும் போதாது, கண்ணால் பாருங்கள். ஃபிலிம் போடும் கதவைத் திறந்து, கேமராவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி ஓடவிட்டு, கேட் (ஃபிலிமில் வெளிச்சம் விழும் சின்ன ஜன்னல்) வழியாகச் சாய்வாகப் பார்த்தால் துளை தெரியும். குமிழைத் திருப்பும்போது அது ஒரே சீராகச் சுருங்கி விரிய வேண்டும். பாதியில் சிக்கினாலோ, ஒரு பக்கத்து இதழ் மட்டும் அசைந்தாலோ, உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் ஃபிலிம் போட்டுப் பயன் இல்லை.

மீட்டர் ஏன் பொய் சொல்கிறது

ஐம்பதுகளின் கேமராக்களில் முன்பக்கம் தேன்கூடு மாதிரிக் கண்ணாடியோடு இருப்பது செலினியம் செல். பேட்டரி வேண்டாம். ஆனால் வெளிச்சமும் ஈரமும் பட்டுப் பட்டுக் காலப்போக்கில் வலு இழக்கும். அப்படி இழந்தால் வெளிச்சத்தைக் குறைவாகக் காட்டும், கேமரா துளையை அளவுக்கு மேல் திறக்கும், படம் வெளுத்துப்போகும்.

சூப்பர் 8 காலத்துக் காட்மியம் சல்ஃபைடு செல்லின் சிக்கல் நேர் எதிர். அதற்குப் பல கேமராக்களில் பிஎக்ஸ்625 என்ற பாதரச பட்டன் பேட்டரி தனியாக இருக்கும். அதன் அழுத்தம் 1.35 வோல்ட், தீரும்வரை ஏறக்குறைய அப்படியே நிற்கும். பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அதன் விற்பனை நின்றுபோனது. இன்று அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். அதைப் போட்டால் வெளிச்சம் இருப்பதைவிட அதிகம் என்று மீட்டர் நினைத்துத் துளையை மூடும், படம் இருண்டுவிடும். பேட்டரி தீரத் தீர இந்தப் பிழையும் மாறிக்கொண்டே போகும். அதுதான் பெரிய தொல்லை. மீட்டரை உயிர்ப்பிக்க ஆசை இருந்தால், காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் செல்லைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டு உட்காரவைக்கலாம். 1.4 வோல்ட், கிட்டத்தட்ட சரியாக வரும். ஆனால் சீல் பிரித்த ஒன்றிரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால், உள் மீட்டரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பை அதனிடம் விட வேண்டாம்.

படி 1: ஷட்டர் நேரத்தைக் கண்டுபிடிப்பது

மூவி கேமராவின் ஷட்டர் என்பது சுழலும் ஒரு தட்டு. அதில் எத்தனை டிகிரி திறப்பு என்று கையேட்டில் இருக்கும். திறப்பை 360ஆல் வகுத்து, வரும் விடையை நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதால் மறுபடி வகுத்தால் எக்ஸ்போஷர் நேரம் வந்துவிடும். 150 டிகிரி ஷட்டர் 18 ஃபிரேமில் ஓடினால் 1/43 நொடி. அதுவே 24 ஃபிரேமில் 1/58. மங்கிய வெளிச்சத்துக்கென்று செய்த எக்ஸ்எல் வகைக் கேமராவில் 220 டிகிரி இருந்தால், 18 ஃபிரேமில் ஏறத்தாழ 1/30.

கையேடு இல்லையா? ஃபோன் இருக்கிறதல்லவா, அது போதும். கேட்டின் ஜன்னல் மேல் சின்னத் துண்டு டிஷ்யூ பேப்பரை ஒட்டுங்கள். ஃபிலிமை இழுக்கும் கொக்கி வரும் ஓட்டையை மறைத்துவிடாதீர்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, லென்ஸை வெயில் படும் ஜன்னலுக்கு நேரே வையுங்கள். கேமராவை ஓடவிட்டால் டிஷ்யூ மின்னி மின்னி அடங்கும். அதை ஃபோனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் பதிவு செய்து, எடிட்டிங் ஆப்பில் ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பாருங்கள்.

பத்து மின்னலுக்கு ஃபோனில் எத்தனை ஃபிரேம் ஆகிறது என்று எண்ணுங்கள். 133 வந்தால் உங்கள் கேமரா சரியாக 18இல் ஓடுகிறது. 100 வந்தால் 24. அந்தப் பத்து மின்னலில் டிஷ்யூ வெளிச்சமாக இருந்தவை மொத்தம் 55 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மின்னலுக்கு ஐந்தரை. ஐந்தரையை 240ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1/43 நொடி. டிகிரிக் கணக்கே வேண்டாம், ஷட்டர் நேரம் நேராகக் கையில் வந்துவிட்டது. பாதி வெளிச்சமாகத் தெரியும் ஃபிரேமை அரை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வேகம் கொஞ்சம் முன்பின் இருந்தால் பதற வேண்டாம். 1963இல் டல்லாஸில் கென்னடி சுடப்பட்டதைத் தற்செயலாகப் படம்பிடித்த ஏப்ரஹாம் ஜாப்ரூடரின் பெல் அண்ட் ஹோவெல் 8 எம்.எம். கேமரா, சராசரியாக நொடிக்கு 18.3 ஃபிரேம் ஓடியது என்று எஃப்.பி.ஐ. அளந்தது. அந்தக் கால 8 எம்.எம். கேமராக்களுக்கு வழக்கமான வேகம் 16. இரண்டுக்கும் இடையே எக்ஸ்போஷரில் வரும் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு ஸ்டாப், அவ்வளவுதான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஸ்பிரிங் கேமராவில் சாவி தீரும்போது வேகம் தொய்ந்தால் தெரியும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் முழுச் சாவி கொடுத்துவிடுங்கள்.

படி 2: வியூஃபைண்டர் தின்னும் வெளிச்சத்தைக் கழிப்பது

லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமராக்கள் பலவற்றில் ஒரு பட்டகம் உள்ளே உட்கார்ந்து, வரும் வெளிச்சத்தில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் திருப்பிவிடும். அந்தப் பங்கு ஃபிலிமுக்குக் கிடைக்காது. உள் மீட்டர் இதைக் கணக்கில் சேர்த்திருக்கும். கையில் இருக்கும் மீட்டருக்கு இது தெரியாது.

போலெக்ஸ் எச்16 ரெக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஷட்டர் 133 டிகிரி, 24 ஃபிரேமில் உண்மையான நேரம் 1/65. ஆனால் பட்டகம் எடுத்துக்கொள்ளும் பங்கையும் சேர்த்து, மீட்டரில் 1/80 என்று வைப்பதுதான் வழக்கம். ஷட்டர் வேகத்தையே கொஞ்சம் ஏமாற்றி வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் கழிக்கும் வேலை இல்லை. சூப்பர் 8 ஜூம் கேமராக்களில் இந்த இழப்பு பெரும்பாலும் கால் முதல் அரை ஸ்டாப்புக்குள் இருக்கும். 1/43 என்று வந்திருந்தால் மீட்டரில் 1/55 வையுங்கள். டேப்பில் எழுத வேண்டியது இந்த எண். பக்கவாட்டில் தனி வியூஃபைண்டர் உள்ள கேமராவுக்கும், போல்யோ மாதிரி கண்ணாடியே அசைந்து விலகும் கேமராவுக்கும் இந்தக் கழிவு வேண்டாம்.

படி 3: ஃபிலிமின் வேகமும் ஃபில்டரும்

இங்கே வேகம் என்பது ஃபிலிம் ஓடும் வேகம் அல்ல, அது வெளிச்சத்தை எவ்வளவு உணர்கிறது என்று காட்டும் எண். கோடாக் இன்றும் சூப்பர் 8இல் தரும் ஃபிலிம்கள் இரண்டு சாதி. விஷன்3 நெகட்டிவ், 50 டேலைட் (பகல் வெளிச்சத்துக்கு), 200 டங்ஸ்டன் (பல்பு வெளிச்சத்துக்கு), 500 டங்ஸ்டன் என்று மூன்று. கழுவியதும் நேரடிப் படமாகவே வரும் ரிவர்சலில் எக்டாக்ரோம் 100, கறுப்பு வெள்ளை டிரை-எக்ஸ் 200.

டங்ஸ்டன் ஃபிலிமை வெயிலில் எடுத்தால் படம் நீலமாகும். அதற்காகத்தான் சூப்பர் 8 கேமராக்களுக்குள் ஆரஞ்சு நிற 85 ஃபில்டர் இருக்கிறது. சூரியன், பல்பு என்று படம் போட்ட சுவிட்ச் அதை உள்ளே தள்ளும், வெளியே எடுக்கும். ஃபில்டர் மூன்றில் இரண்டு ஸ்டாப் தின்னும். ஆகவே வெயிலில் 500 என்பது 320, 200 என்பது 125. டேலைட் ஃபிலிமுக்கும் கறுப்பு வெள்ளைக்கும் ஃபில்டர் வேண்டாம், சுவிட்ச் பல்பு பக்கம் இருக்கட்டும். ஃபில்டர் நிஜமாகவே விலகியதா என்பதை வியூஃபைண்டரில் பார்த்துச் சொல்ல முடியாது. முன்னே சொன்ன மாதிரிக் கதவைத் திறந்து கேட் வழியாகப் பாருங்கள், ஆரஞ்சு தெரிந்தால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பழைய கேமராவில் இந்த நெம்புகோல் மக்கர் பண்ணுவது சகஜம்.

கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் உள்ள வெட்டைப் படித்துக் கேமராவே ஃபிலிம் வேகத்தைத் தெரிந்துகொள்ளும் என்பார்கள். பல கேமராக்களுக்கு 40, 160 என்ற இரண்டு எண்தான் தெரியும். 500ஐப் போட்டால் 160 என்று எடுத்துக்கொண்டு ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் அதிகமாக வெளிச்சம் விடும். கையால் வைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. எண் மீட்டரில் இருக்கிறது, கேமராவில் இல்லை.

ரெகுலர் 8 கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லென்ஸைச் சுற்றியோ பக்கத்திலோ 'வெயில் 8, மேகம் 4' என்ற பாணியில் ஒரு தகடு இருக்கும். அது அக்காலத்துக் கோடாக்ரோமுக்காக எழுதியது. அதன் வேகம் 10. கோடாக்ரோம் II வந்து அது 25 ஆனதே 1961இல்தான். இன்று 50 வேக ஃபிலிமைப் போட்டுத் தகட்டை அப்படியே பின்பற்றினால் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் கூடிவிடும். வெயிலுக்கு எஃப்/8 என்று போட்டிருந்தால் எஃப்/16ஐயும் கொஞ்சம் தாண்டி வையுங்கள் (எஃப் எண் பெரிதானால் துளை சின்னது).

படி 4: வெளிச்சத்தை அளப்பது

கையடக்க மீட்டரில் வெள்ளைக் குமிழ் உள்ளதுதான் இந்த வேலைக்கு உத்தமம். செகோனிக் ஸ்டூடியோ டீலக்ஸ் மாதிரி ஒன்று, அதன் வட்டத்தில் சினிமா வேகங்களும் குறித்திருக்கும். ஆள் நிற்கும் இடத்தில் நின்று, குமிழைக் கேமரா பக்கம் திருப்பி அளந்தால் முடிந்தது. சட்டை வெள்ளையா கறுப்பா, பின்னால் வானமா சுவரா என்பதெல்லாம் அதைக் குழப்பாது.

ஃபோன் ஆப் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அது பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளக்கிறது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக் கணக்குப் போடும். வெள்ளை வேட்டி கட்டிய பத்துப் பேரைக் காட்டினால் துளையை மூடச் சொல்லும், அத்தனை வேட்டியும் அழுக்காகத் தெரியும். ஆகவே சாம்பல் அட்டை ஒன்றை ஆள் முகத்தருகே பிடித்து, அதை மட்டும் திரை நிறையக் காட்டி அளங்கள்.

அட்டை இல்லாத நேரத்துக்கு உள்ளங்கை. ஆங்கிலப் புத்தகங்களில் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப் திறக்கச் சொல்லியிருப்பார்கள். அது வெள்ளைத் தோலை வைத்துப் போட்ட கணக்கு. நம் கை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வெயிலில் முதலில் அட்டையை அளந்து, உடனே அதே கோணத்தில் உங்கள் கையை அளங்கள். அட்டை எஃப்/8 காட்டி, கை எஃப்/10 காட்டினால் உங்கள் கை மூன்றில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடியது. இனி கையை அளந்தால் அவ்வளவு திறக்க வேண்டும். அந்த எண் உங்களோடு கடைசிவரை வரும். முகத்தை நேராக அளந்து அப்படியே வைத்துவிடாதீர்கள். மாநிறத்தைவிடக் கருத்த முகமாக இருந்தால் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் இயல்பைவிட வெளிறும், பின்னணி எரிந்துபோகும்.

ஆப்பில் 1/55 என்ற எண் இருக்காது. 1/50 போதும்.

மீட்டர் எதுவும் இல்லையா? நிழல் கூர்மையாக விழும் வெயிலில் எஃப்/16, ஷட்டர் நேரம் ஒன்றின் கீழ் ஃபிலிம் வேகம். இந்தப் பழைய விதி இன்றும் பலிக்கும். 50 வேக ஃபிலிமும் 1/50 ஷட்டரும் என்றால் யோசிக்கவே வேண்டாம், எஃப்/16. மெல்லிய மேகத்துக்கு ஒரு ஸ்டாப் திற, நிழல் விழாத மந்தாரத்துக்கு இரண்டோ மூன்றோ, மரத்தடி நிழலுக்கு மூன்று.

படி 5: நெகட்டிவுக்கு ஒரு புத்தி, ரிவர்சலுக்கு ஒரு புத்தி

ரிவர்சல் என்றால் கேமராவில் ஓடிய ஃபிலிமே திரையில் ஓடும் படம். வெளிச்சம் கூடினால் வெளுப்பில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே படத்தில் முக்கியமான வெளிச்சப் பகுதியைக் காப்பாற்றுங்கள். சந்தேகம் வந்தால் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் மூடுங்கள். எக்டாக்ரோமில் அரை ஸ்டாப் தவறே கண்ணில் படும்.

நெகட்டிவ் அப்படியே தலைகீழ். கூடுதல் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் வரைகூடச் சிரமம் இல்லாமல் தாங்கும், குறைந்தால் இருட்டில் கரகரவென்று கிரெயின் (ஃபிலிமின் மணல் மாதிரிப் புள்ளிகள்) பொங்கும். சூப்பர் 8 மாதிரிச் சின்ன ஃபிரேமில் இது இன்னும் அசிங்கமாகத் தெரியும். 500ஐ 320 என்றும், 200ஐ 125 என்றும், 50ஐ 32 என்றும் மீட்டரில் வைத்துவிடுங்கள். 85 ஃபில்டர் போட்டிருந்தால் அதன் மேல் இன்னும் மூன்றில் இரண்டு: 500 என்பது 200 ஆகிவிடும்.

படி 6: வெயில் அதிகமானால்

நம் ஊர் நண்பகலில் இதுதான் உண்மையான தலைவலி. 200 டங்ஸ்டன், 85 ஃபில்டர், படி 5இல் சொன்ன கூடுதலைச் சேர்க்காமல் மீட்டரில் 125, ஷட்டர் 1/55. வெயில் விதிப்படி 1/125க்கு எஃப்/16. 1/55 என்பது அதைவிட ஒரு ஸ்டாப்புக்கு மேல் நீளம், ஆக எஃப்/22ஐத் தாண்டி வைக்க வேண்டும். லென்ஸில் அந்த எண் இருக்கலாம். இருந்தாலும் வைக்காதீர்கள்.

காரணம், துளை சுருங்கச் சுருங்க ஒளி வளைந்து பரவி, ஒவ்வொரு புள்ளியும் சின்ன வட்டமாகிவிடும். எஃப்/16இல் அந்த வட்டத்தின் அகலம் கணக்குப்படி சுமார் 21 மைக்ரான். சூப்பர் 8 ஃபிரேமின் அகலமே 5.79 மில்லிமீட்டர். அதில் இத்தகைய வட்டம் ஏறத்தாழ 270தான் வரிசையாகக் கொள்ளும். எஃப்/5.6இல் 770 கொள்ளும். 'சூப்பர் 8 என்றாலே மங்கல்தான்' என்று பலர் சொல்வதில் பாதிக்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

ஆகவே லென்ஸின் முன்னால் ஒரு என்.டி. ஃபில்டர் (நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் சாம்பல் கண்ணாடி) மாட்டுங்கள். 0.3 என்பது ஒரு ஸ்டாப், 0.6 இரண்டு, 0.9 மூன்று. மேலே சொன்ன காட்சிக்கு 0.9 போட்டால் எஃப்/8க்கும் எஃப்/11க்கும் நடுவில் வந்துவிடும், 1.2 போட்டால் எஃப்/5.6 பக்கம். ஷட்டர் திறப்பைக் குறைக்கும் வசதி உள்ள கேமராவில் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும், நடனத்துக்கும் ஓட்டத்துக்கும் நன்றாக இராது. வெயிலில் எடுக்கப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால் 50 டேலைட் வாங்குவதே எல்லாவற்றிலும் சுலபம்.

வெளிச்சம் குறைந்தால் செய்வதற்கு அதிகம் இல்லை. 500 ஃபிலிம், எஃப்/1.8, 1/43க்கு ஏறத்தாழ 70 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டும். பட்டகம் தின்பதைச் சேர்த்தால் 90. டியூப்லைட் எரியும் கூடத்தில் விளக்குக்கு அருகே கிடைக்கும், மூலையில் கிடைக்காது. பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மின்னும். 18 அல்லது 24 ஃபிரேமில் ஓடும் கேமராவில் அது படபடப்பாகப் பதியலாம். 25 ஃபிரேம் இருந்தால் அதில் எடுங்கள்.

படி 7: வளையத்தைத் திருப்புவது

போலெக்ஸ் மாதிரிக் கேமராவில் துளையை மூடினால் வியூஃபைண்டரும் இருண்டுவிடும். ஃபோகஸ் பார்க்க முழுக்கத் திறப்போம், பார்த்ததும் மறந்து அப்படியே சுடுவோம். இந்தக் கேமரா பிடித்த எல்லோருக்கும் தெரிந்த கதை இது. வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: திற, ஃபோகஸ், மூடு, சாவி, ஓட்டு.

வளையத்தை எப்போதும் ஒரே திசையில், அதாவது முழுத் திறப்பிலிருந்து மூடிக்கொண்டே வந்து எண்ணில் நிறுத்துங்கள். தேய்ந்த லென்ஸில் இந்தப் பக்கம் வந்து நிற்பதற்கும் அந்தப் பக்கம் வந்து நிற்பதற்கும் கால் ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். நைசோ, கேனான் போன்றவற்றில் குமிழைத் திருப்பினால் வியூஃபைண்டருக்குள் முள் நகரும். முள் நின்ற பிறகு ஒரு நொடி பொறுத்துத் திரும்பப் பாருங்கள், சில சமயம் மெதுவாக நழுவும்.

கண்ணை எடுத்துவிட்டு ட்ரைபாடில் ஓடவிடுவதாக இருந்தால் ஐபீஸை மூடிவிடுங்கள். அந்த வழியாக நுழையும் வெயில் சில கேமராக்களில் உள் மீட்டரைக் குழப்பும், போலெக்ஸ் ரெக்ஸில் ஃபிலிமிலேயே படியும்.

ஷாட் ஓடும்போது அப்பர்ச்சரைத் தொடாதீர்கள். திண்ணையிலிருந்து தெருவுக்குக் கேமராவைத் திருப்ப வேண்டுமா? முக்கியமானது எங்கே முடிகிறதோ அதற்கு வையுங்கள், தொடக்கம் கொஞ்சம் இருண்டிருக்கட்டும். ஆட்டோ கேமராவில் முகம் திடீரென்று இருண்டு வெளுக்கிறதே, அந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவும்.

முழு ஆட்டோ கேமரா மட்டும்தான் இருக்கிறது என்றால், அதில் எக்ஸ்போஷர் லாக் பொத்தான் உண்டா என்று பாருங்கள். இருந்தால் சாம்பல் அட்டையைக் காட்டிப் பூட்டிவிட்டு எடுக்கலாம். பாதிக் கைமுறை.

படி 8: முதல் கார்ட்ரிட்ஜில் ஒரு சோதனை

கல்யாணத்துக்கு முதல் நாள் வாங்கிய கேமராவில் கல்யாணத்தை எடுக்கக் கூடாது. ஒரு கார்ட்ரிட்ஜில் முதல் அரை நிமிடத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஓர் ஆள், கையில் சாம்பல் அட்டை, மாறாத வெளிச்சம். மீட்டர் சொன்ன எண்ணில் மூன்று நொடி, ஒரு ஸ்டாப் கூட்டி மூன்று நொடி, குறைத்து மூன்று நொடி. ஒவ்வொன்றிலும் எஃப் எண்ணை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி ஃபிரேமுக்குள் காட்டிவிடுங்கள். ரிவர்சல் என்றால் அரை ஸ்டாப் படிகளாக எடுங்கள்.

லேபுக்கு அனுப்பும்போது, சோதனைப் பகுதியை ஒரே அளவில் ஸ்கேன் செய்யுங்கள், ஷாட்டுக்கு ஷாட் திருத்த வேண்டாம் என்று எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஸ்கேனர் மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கித் தந்துவிடும், நீங்கள் ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டீர்கள். நெகட்டிவ் கைக்கு வந்ததும் வெள்ளை ஃபோன் திரை மேல் வைத்து லென்ஸால் பாருங்கள். நிழல் பகுதியில் விவரம் தெரிந்தால் நல்லது. ஃபிலிமின் வெற்று ஓரம் மாதிரியே வெறுமையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை.

மூன்றில் எது சரியோ அதற்கேற்ப மீட்டரில் உள்ள ஃபிலிம் வேகத்தை மாற்றிவிடுங்கள். ஒரு ஸ்டாப் கூட்டியது நன்றாக வந்தால் 125 இருந்த இடத்தில் 64. பக்கத்தில் ஒட்டிய டேப்பில் ஷட்டர் நேரத்துக்குக் கீழே அதையும் எழுதுங்கள், ஃபிலிமின் பெயரோடு. ஃபிலிம் மாறினால் சோதனையும் புதிதாக.